கத்திரி வெயிலில் சிலிக்கா விரிசல் விடுகிறது, ஸ்பாட் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன

கேள்வி (சென்னை, கிண்டி):
500 மில்லிகிராம் கலவையைக் குழாய் வண்ணப்பிரிகையில் (சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே கரைப்பானை ஓட்டிப் பொருள்களைப் பிரிக்கும் முறை) பிரிக்க வேண்டும். டிஎல்சியில் (சிலிக்கா பூசிய சிறு தகட்டில் ஓட்டிப் பார்க்கும் முன்சோதனை) 20% எத்தில் அசிட்டேட்–ஹெக்சேன் கரைப்பானில் இரண்டு ஸ்பாட்டின் ஆர்எஃப் (கரைப்பான் ஏறிய தூரத்தில் ஸ்பாட் ஏறிய பங்கு) 0.45, 0.35. குழாய் 2 செ.மீ.; 100–200 மெஷ் (துகள் அளவு) சிலிக்கா 15 கிராமை உலர்வாகவே கொட்டினேன். கலவையை 5 மில்லி டிசிஎம்மில் (டைகுளோரோமீத்தேன்) கரைத்து ஏற்றினேன். எத்தில் அசிட்டேட்டை 5 சதவீதத்திலிருந்து நேராக 30-க்குக் கூட்டியதும் குமிழி கிளம்பி, வறண்ட ஏரி மாதிரி நடுவில் வெடித்துவிட்டது. எங்கே தப்பு?

பதில் 1:
வெடிப்புக்குக் காரணம் சூடுதான். எத்தில் அசிட்டேட் சிலிக்காவில் ஒட்டும்போது வெப்பம் வெளிவரும். ஒரேயடியாகக் கூட்டினால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து குமிழியாகும். டிசிஎம் கொதிப்பதே சுமார் 40 டிகிரியில், மே மாதத்தில் ஏசி இல்லாத அறைக்கு அது பக்கம்தான். 5, 8, 10, 12 என்று மெல்ல ஏற்றுங்கள். உலர்வாகக் கொட்டினால் காற்று தங்கும். சிலிக்காவை ஹெக்சேனில் மோர் பதத்துக்குக் கலக்கி, நிறுத்தாமல் ஊற்றி, ரப்பர் குழாயால் பக்கவாட்டில் தட்டுங்கள். மேலே 1 செ.மீ. மணல். கரைப்பான் மட்டம் மணலுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

பதில் 2:
வெடிக்காமல் இருந்திருந்தாலும் பிரிந்திருக்காது. ஆர்எஃப் இடைவெளி 0.1தான், 30 மடங்கு சிலிக்கா அதற்குப் போதாது, 100 மடங்கு வேண்டும். 3 செ.மீ. குழாயில் 50 கிராம் போட்டால் உயரம் ஏறக்குறைய 14 செ.மீ. வரும். மேல் ஸ்பாட்டின் ஆர்எஃப் 0.25 பக்கம் நிற்கும் கரைப்பான் கலவையை டிஎல்சியில் முதலில் தேடுங்கள், 10 சதவீத எத்தில் அசிட்டேட்டிலிருந்து பாருங்கள்.

ஏற்றிய விதமும் கெடுத்திருக்கிறது. 5 மில்லி டிசிஎம் பொருளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கி, பட்டையை அகலமாக்கிவிடும். அதே கரைசலில் 1.5 கிராம் சிலிக்கா சேர்த்து ரோட்டாவாப்பில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) முழுக்க உலர்த்துங்கள். கோலமாவு போல உதிர வேண்டும். குடுவைச் சுவரில் ஒட்டினால் டிசிஎம் இன்னும் மிச்சம். அதைக் குழாயின் மேலே சமமாகப் பரப்பி, இறங்கி வருவதைச் சோதனைக் குழாய்களில் 20 மில்லி 20 மில்லியாகப் பிடியுங்கள். கலந்து வந்த சோதனைக் குழாய்களை மட்டும் சேர்த்து மறுபடி ஓட்டலாம்.

பதில் 3:
சிலிக்கா டப்பா திறந்தே கிடந்ததா? கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் குடித்த சிலிக்கா பொருளைப் பிடித்துவைக்காது, எல்லாம் சீக்கிரமே இறங்கிவிடும். 110–120 டிகிரி ஓவனில் இரவு முழுக்க வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிடுங்கள். பொருளில் அமீன் இருந்தால் கரைப்பானில் 1% ட்ரைஎத்தில் அமீன் சேர்க்காமல் ஸ்பாட்டின் பின்னால் இழுபடும் வால் நிற்காது. சிலிக்காவை எடுப்பது, கொட்டுவது எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி), முகக்கவசத்தோடுதான். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.