எத்தனை பேர் இருந்தார்கள்? தீவில் மாட்டிக்கொண்ட சிறுவர் கதைகள்: அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்:

ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொள்ளும் சிறுவர்களின் கதைகள் உங்களை என்ன செய்தன என்று எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், உங்களுக்கு நேர்ந்தது போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போது 12 வயது. பள்ளிச் சுற்றுலா முடிந்து திரும்பும் வழியில், மலைப்பாதையில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. ஓட்டுநரும் ஒரு ஆசிரியரும் உதவி தேடிக் கீழே இறங்கிப் போனார்கள். இன்னொரு ஆசிரியருக்குக் கடுமையான காய்ச்சல், முன் இருக்கையில் படுத்துவிட்டார். இருட்டியதும் பெரிய பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பயமுறுத்த ஆரம்பித்தோம். வெளியே ஏதோ நிற்கிறது, கண் மின்னுகிறது என்றோம். ஒரு பொடியன் அழத் தொடங்கினான். அவன் அழ அழ எங்களுக்கு வேகம் கூடியது. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். அப்புறம் எங்கள் பொய்யை நாங்களே நம்பி, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நடுங்கினோம்.

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். இருக்கை இருக்கையாகப் போய், ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணினாள். 41. மறுபடி எண்ணினாள். 41. பேருந்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஏன் அடங்கியது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

சில வருடங்கள் கழித்து வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலைப் படித்தேன். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டைக் கூட்டமாக மாறும் கதை. எல்லோரும் பன்றித்தலையையும் முகச்சாயத்தையும்தான் பேசுவார்கள். என்னை உலுக்கியது இரண்டாவது அத்தியாயம். அங்கே இன்னும் யாரும் கெட்டுப்போகவில்லை. உற்சாகமாகத் தீ மூட்டுகிறார்கள், அது கைமீறிக் காட்டைப் பிடித்துக்கொள்கிறது. முகத்தில் மச்சம் உள்ள அந்தச் சின்னப் பையன் எங்கே என்று, கண்ணாடி போட்ட பிக்கி கேட்கிறான். யாரிடமும் பதில் இல்லை. பெயர்ப் பட்டியல் எடுக்கச் சொன்னேனே என்று, தலைவனான ரால்ஃப் அவன்மேல் பாய்கிறான். தீ என்றதும் எல்லோரும் ஓடிவிட்டீர்கள், நான் ஒருவன் எப்படி எடுப்பேன் என்கிறான் பிக்கி. அந்தப் பையனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. கதையில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. காட்டுமிராண்டித்தனம் என்கிற சொல்லுக்குள் காடு இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் காடு யாரையும் கொல்லவில்லை. எண்ணத் தவறியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

கண்ணாடிக்காரன்:

ஏழு வயதிலிருந்து தடித்த கண்ணாடி போடுகிறவன் நான். வகுப்பில் இந்த நாவல் பாடமாக இருந்த வருடம் எனக்கு ‘பிக்கி’ என்று பெயர் வைத்தார்கள். நாவலிலும் அது பட்டப்பெயர்தான். அந்தப் பையனின் உண்மையான பெயர் கடைசிவரை தெரியாது.

கிட்டப்பார்வைக்கான குழிவில்லையால் வெயிலைக் குவிக்க முடியாது, பிக்கியின் கண்ணாடியில் தீ மூட்டுவது கோல்டிங் செய்த பிழை என்று சுட்டிக்காட்டுவார்கள். பௌதிகப்படி அது சரி. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் உலகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எதிரே நிற்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அந்த நிலையில்தான் பிக்கி, திருடுபோன கண்ணாடியைக் கேட்டு கூட்டத்தில் பேசும் உரிமையைத் தரும் சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரிந்துபோன வேட்டைக்காரன் ஜாக்கின் கூட்டத்திடம் போகிறான். பிச்சையாகக் கேட்கவில்லை, நியாயம் என்பதால் கேட்கிறேன் என்கிறான். தோற்றுப்போகிறான். ஆனால் அந்தத் தீவில் அவ்வளவு துணிச்சலான நடை வேறு யாரும் நடக்கவில்லை. என் பட்டப்பெயரை நான் வெறுப்பதை நிறுத்தியது அந்தப் பக்கங்களில்தான்.

வகுப்பறை:

பல வருடங்களாக இதைப் பாடம் நடத்துகிறேன். கோல்டிங்கும் ஆசிரியர்தான், சாலிஸ்பரியில் ஒரு பையன்கள் பள்ளியில். இடையில் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். 1954இல் நாவல் வந்தது. பாலன்டைன் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பவளத் தீவு’ கதையிலும் ரால்ஃப், ஜாக் என்றே பெயர்கள். அங்கே பையன்கள் மூவரும் நல்லவர்கள், கொடுமை எல்லாம் தீவுவாசிகள், கடற்கொள்ளையர்கள் தலையில். அந்தப் பெயர்களை எடுத்துத்தான் கோல்டிங் திருப்பி எழுதினார்.

நாவலில் ஒரு இரவு, வெறியாட்டத்தின் நடுவே சைமன் என்ற பையன் அடித்துக் கொல்லப்படுகிறான். வகுப்பில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: சைமனைக் கொன்றது யார்? ஜாக்கின் கூட்டம் என்று கை தூக்குவார்கள். அந்த இரவில் ரால்ஃபும் பிக்கியும் எங்கே இருந்தார்கள் என்று தேடச் சொல்வேன். அதே ஆட்டத்தில், வட்டத்தின் ஓரத்தில். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு மாணவி சொன்னாள், “சார், இதுல நல்லவங்க பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லையா?” எனக்குப் பதில் வரவில்லை. அன்று அப்படியே வகுப்பு முடிந்தது.

கடல்வழி:

கதை இருக்கட்டும், உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவில், விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பையன்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். இருவர் இருவராக வேலை பிரித்துக்கொண்டார்கள். மூட்டிய தீயை ஒரு வருடத்துக்கும் மேல் அணையவிடவில்லை. சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறிய பின் திரும்பி வந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சிகளை வைத்துக் கட்டினார்கள், அது கூடிவிட்டது. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் கண்டுபிடித்தபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தத் தீவு ஏன் காலியாக இருந்தது என்று தேடியபோது மனசு கனத்துவிட்டது. அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1863இல் வந்த ஒரு கப்பல், அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவர்களைப் பிறகு வேறு தீவில் குடியேற்றினார்கள். அந்தப் பையன்கள் மேலே ஏறியபோது, பழைய ஊரின் வாழையும் கோழியும் அங்கே இன்னும் இருந்தன. அதில்தான் பிழைத்தார்கள்.

வகுப்பறை:

நானும் இதை மாணவர்களிடம் சொல்வேன். ஆனால் இதை வைத்து கோல்டிங் தோற்றார் என்று சொல்லாதீர்கள். அந்த ஆறு பேரும் நண்பர்கள், 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், சேர்ந்தே கிளம்பியவர்கள். கோல்டிங்கின் பையன்கள் போரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், பாதிப் பேர் முன்பின் தெரியாதவர்கள், ஆறு வயதுக் குழந்தைகளும் உண்டு. ஆறு பேரை எண்ணுவது சுலபம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

என் மகளுக்கு ஒன்பது வயது. கோல்டிங் இப்போது வேண்டாம் என்று, ஜூல்ஸ் வெர்ன் 1888இல் எழுதிய ‘இரண்டு ஆண்டு விடுமுறை’யை இரவில் வாசித்துக் காட்டினேன். 15 பையன்கள், நியூசிலாந்திலிருந்து கப்பலோடு அடித்துச் செல்லப்படுகிறார்கள். பெரிய பையன்கள் சின்னவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டையும் உண்டு, பிரிவும் உண்டு, ஆனால் ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை. மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தேர்தல் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். மோக்கோ என்ற கறுப்பினக் கப்பல் பையனுக்கு மட்டும் ஓட்டு இல்லை. எல்லோரையும்விட அதிகம் உழைப்பவன் அவன். “அப்போ அம்மா, அவங்க 15 பேரா, 14 பேரா?” என்றாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

தொடங்கியவர்:

உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் கோல்டிங்கின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கரையில் நிற்கும் கடற்படை அதிகாரி, நீங்கள் எத்தனை பேர் என்றே தெரியாதா என்று கேட்கிறார். ரால்ஃப் “இல்லை ஐயா” என்கிறான். பக்கத்தில் பெர்சிவல் என்ற பொடியன் தன் பெயரைச் சொல்ல வருகிறான். தீவுக்கு வந்த நாட்களில் வீட்டு முகவரியோடு சேர்த்து மந்திரம்போல ஒப்பித்துக்கொண்டிருந்த பெயர் அது. இப்போது “நான், நான்” என்கிறான், மேலே எதுவும் வரவில்லை.

பேருந்தில் நாங்கள் அழவைத்த பையனை நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீல ஸ்வெட்டர், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். எண்ணிய பெண்ணின் பெயர் நினைவிருக்கிறது, என்னோடு சேர்ந்து மிரட்டியவர்களின் பெயரும் நினைவிருக்கிறது. அவன் பெயர் மட்டும் வரவில்லை.