உயிலில் கார்டியன் பெயர் எழுதும் இடத்தில் 2 வருடமாக நிற்கிறோம்

தூக்கணாங்குருவி (கேள்வி)

எங்களுக்கு 7 வயதில் மகள், 3 வயதில் மகன். மகன் பிறந்த ஒரு வருடத்திலேயே உயில் எழுத உட்கார்ந்தோம். சொத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, ஒருவர் போனால் மற்றவருக்கு, இருவரும் போனால் பிள்ளைகளுக்குச் சரிபாதி. இருவரும் ஒன்றாகப் போய்விட்டால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. கணவர் அவருடைய அண்ணனைச் சொல்கிறார். பண விஷயத்தில் அவரைப் போல ஒழுங்கானவர் கிடையாது, ஆனால் பிள்ளைகள் அவரிடம் ஒட்டுவதே இல்லை. நான் என் தங்கையைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர், ஆனால் அவள் கையில் பணம் தங்காது, அது எனக்கே தெரியும். அப்படியே தள்ளிப்போட்டு இன்றுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. போன வாரம் நாங்கள் இருவரும் ஒரே காரில் வெளியூர் போனபோது வழி முழுக்க இதே நினைப்பு. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்களேன்.

படிக்கட்டு

குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். வளர்ப்பதற்குத் தங்கை, பணத்துக்கு அண்ணன் என்று பிரித்து எழுதுங்கள், சட்டத்தில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. உயிலிலேயே ஒரு டிரஸ்ட் (பிள்ளைகளுக்காகப் பணத்தை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு) அமைத்து அண்ணனை அதைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டி ஆக்கிவிட்டால், பள்ளிச் செலவு, மருத்துவம், வீட்டுச் செலவுக்கு அவர் தங்கைக்கு மாதாமாதம் கொடுப்பார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடியவர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஏற்பாடு உடைவது அங்கேதான். பிள்ளைகளுக்கான செலவைத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று டிரஸ்டிக்கு எழுதிவைக்காமல் விட்டால், ஒவ்வொரு காலணிக்கும் உங்கள் தங்கை கணக்கு காட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

அப்புறம் அந்தச் 'சரிபாதி'. இன்று பிரித்தால் மகளுக்கும் மகனுக்கும் ஒரே தொகைதான். ஆனால் மகளை 4 வருடம் கூடுதலாக உங்கள் சம்பளத்தில் வளர்த்திருப்பீர்கள், மகனுடைய பங்கு அந்த 4 வருடச் செலவிலேயே கரைந்துபோகும். கடைசிப் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை பணம் முழுவதும் ஒன்றாகவே இருக்கட்டும், மீதியைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எழுதுவதே நல்லது. அப்போதும் 18 வயதில் மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். 21, 25, 30 என்று படிப்படியாகப் போகட்டும்.

கார்டியனாக நீங்கள் எழுதும் பெயரைப் பிள்ளையின் நலனுக்குச் சரியா என்று நீதிமன்றம் பார்க்கும், கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாது. ஆனாலும் பெற்றோர் எழுதிய பெயருக்குப் பெரிய மதிப்பு உண்டு. சாட்சிக் கையெழுத்துக்குத் தங்கையையோ அண்ணனையோ கூப்பிடாதீர்கள். இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி சாட்சிக்கோ அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது. உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மழைத்துளி

என் 11 வயதில் அப்பா, அம்மா இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். எதுவும் எழுதிவைக்கவில்லை. மாமா வீட்டில் நான், பெரியப்பா வீட்டில் என் தம்பி. இரண்டு வீட்டாரும் நல்லவர்கள், பாசமாகத்தான் வளர்த்தார்கள், ஆனால் நானும் தம்பியும் லீவுக்குச் சந்திக்கும் உறவுக்காரர்களாக ஆகிவிட்டோம். தயவுசெய்து 'இருவரும் ஒரே வீட்டில் வளர வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள். தங்கையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், எங்கள் மாமாவிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. உயிலோடு ஒரு கடிதமும் வையுங்கள், மகள் இருட்டில் தூங்கமாட்டாள், மகனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது வரைக்கும். அதற்குச் சட்ட மதிப்பு தேவையில்லை, வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

தங்கைக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். உங்கள் பெற்றோர் பெயரை எழுதுவதாக இருந்தால் மகன் 18 தொடும்போது அவர்களுக்கு என்ன வயது என்று கூட்டிப் பாருங்கள்.

உயிலை எவ்வளவு அழகாக எழுதினாலும், காப்பீடு, ஓய்வூதியக் கணக்குகளில் எழுதிக்கொடுத்த பெயர் தனி வழியில் போகும். அமெரிக்காவில் ஒருவர் மணமுறிவாகி 2 மாதங்களில் இறந்துபோனார், காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முன்னாள் மனைவி பெயரை மாற்றியிருக்கவில்லை. முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2001-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் வந்தது. இந்தியாவில் இதற்கு நேர்மாறு: பங்கு முதலீட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மைனர் பிள்ளையின் பெயரை நேரடியாக எழுதினால் பணம் நீதிமன்றத்திலோ வேறொருவர் பொறுப்பிலோ முடங்கலாம், அங்கே டிரஸ்டின் பெயரைப் போட முடியுமா என்று கேளுங்கள்.

தூக்கணாங்குருவி

எல்லாருக்கும் நன்றி. மழைத்துளி, உங்கள் பதிலைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், இருவராலும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. நேற்று ராத்திரி தங்கையிடம் கேட்டோம், அழுதாள், சரி என்றாள், பணத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்றதும் அவளுக்கே நிம்மதி. அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். கணக்குப்பிள்ளை சொன்ன பிறகு என் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் எடுத்தது, அதில் இன்னமும் இருப்பது 5 வருடத்துக்கு முன் காலமான என் அப்பாவின் பெயர்.