கால்வாய் ஓரச் சுவர்: மறுபடியும் ஓவியம் வரையலாமா, வேறு ஏதாவது செய்யலாமா?

வாசு_இந்திராநகர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை இந்திரா நகரில் எங்கள் தெரு போய் முட்டுகிற இடத்தில் பக்கிங்காம் கால்வாய். தலைக்கு மேலே பறக்கும் ரயில் பாலம். தெருவுக்கும் கால்வாய்க்கும் நடுவே சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர், அதை ஒட்டிப் பத்தடி அகலத்தில் நடைபாதை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை. ரயிலை விட்டு இறங்குகிற பெண்கள் மெயின் ரோடு வழியாக அரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். என் மகளும் தினமும் அப்படித்தான் வருகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருச் சங்கம் அந்தச் சுவரில் ஓவியம் வரைய ஏற்பாடு செய்தது. காலேஜ் பிள்ளைகள் முப்பது பேர் வந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மயில், ஜல்லிக்கட்டு, மரம் நடுவோம் என்று முழுச் சுவரையும் நிரப்பினார்கள். அன்று தெருவே சந்தோஷமாக இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் மயிலின் கழுத்து வரைக்கும் உரிந்துவிட்டது. அப்புறம் டியூஷன் போஸ்டர், அதற்குக் கீழே குப்பை, ஓரத்தில் சிறுநீர். பழைய கதைக்கே திரும்பிவிட்டோம்.

இந்திரா நகர் ஸ்டேஷனில் 2020-இல் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் இருவரும் வரைந்த பெரிய முகங்களைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதற்காக வரைந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் சுவரும் இப்படி ஆகாதா என்று தோன்றுகிறது. இப்போது வீட்டுக்கு வீடு வசூல் செய்து 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இந்த முறை தொழில்முறை ஓவியரை வைத்து வரையலாமா? இல்லை, இந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழித்தால் அந்த இடத்துக்கு உயிர் வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

லைட்_போடுங்க எழுதியது:

சார், முதலில் நாலு விளக்கு போட வையுங்கள். இருட்டில் எந்த ஓவியம் இருந்தால் என்ன, மகள் அந்த வழியாக வரமாட்டாள்.

---

சுவரெழுத்து_மணி எழுதியது:

வாசு சார், நான் 28 வருடமாகச் சுவரில் எழுதுகிறவன். கட்சிச் சின்னம், சினிமா பேனர், கடை போர்டு எல்லாம் எழுதியாயிற்று. ப்ளெக்ஸ் வந்து எங்கள் கையை முடக்கிப் போட்டிருந்த நேரத்தில், 2010 வாக்கில், மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரை எல்லாம் கிழித்துவிட்டுப் பண்பாட்டு ஓவியங்கள் வரையச் சொன்னது. எங்களைப் போன்ற பேனர் ஆர்டிஸ்ட்டுகளுக்கு அப்போதுதான் மறுபடி வேலை கிடைத்தது. அதனால் சுவர் ஓவியம் வேண்டாம் என்று என் வாயால் வராது. ஆனால் உங்கள் சுவரைப் பற்றிச் சில விஷயம் சொல்லியாக வேண்டும்.

மயில் உரிந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. உங்கள் சுவருக்குப் பின்னால் கால்வாய்க் கரை மண் இருக்கும். அந்த மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே வர வழி தேடி, முன்னால் நாம் பூசின பெயிண்டையும் தள்ளிக்கொண்டு வரும். பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் இதுதான் நடக்கும். ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்த இடம் ஈரச் சுவர். நகத்தால் சுரண்டும்போது வெள்ளைப் பொடி கொட்டினால் உப்பு பூத்திருக்கிறது என்று அர்த்தம். சுவரின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளையும் பாருங்கள், பல இடத்தில் சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார்கள்.

காய்ந்த சுவராக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கு மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷன், அதாவது வெளிச்சுவர் பெயிண்ட். வேலையைத் தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிக்க வேண்டும். கீழ் இரண்டடிக்கு அடர்ந்த நிறம் வையுங்கள், மழையில் தெறிக்கிற சேறு தெரியாது.

ஈரச் சுவராக இருந்தால் எமல்ஷனுக்குப் பணம் போடாதீர்கள். அதற்குச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை வெளியே விட்டுவிடும். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்திருப்பதைப் பாருங்கள். வெளுத்துப் போகும், ஆனால் பெயிண்ட் மாதிரி செதில் செதிலாக உரியாது. வெளுத்ததும் மேலேயே இன்னொரு கை அடிக்கலாம்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது இருக்கிறது. பத்து வருடம் நிற்கிற ஓவியம் உங்கள் தெருவுக்கு வேண்டாம் சார். ஒரு வருடத்தில் வெளுக்கிற ஓவியம் வேண்டும். பொங்கலுக்கு நாம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் இல்லையா? அதே மாதிரி அந்தச் சுவருக்கும் மார்கழிக் கடைசியில் தெருவே சேர்ந்து வெள்ளையடிக்கட்டும். காய்ந்த பிறகு காவிப் பொடியில், நீலத்தில், யார் யாருக்கு என்ன வருமோ வரையட்டும். பாட்டிக்குப் புள்ளிக் கோலம் வரும், ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு மெட்ரோ ரயில் வரும். எனக்கு நூல் அடித்துக் கட்டம் போடத் தெரியும், வந்து போட்டுத் தருகிறேன். அடுத்த வருடம் அது வெளுத்திருக்கும், அதனால் மறுபடி எல்லோரும் அந்தச் சுவரண்டை வந்து நிற்க வேண்டியிருக்கும். முப்பது பிள்ளைகள் ஒரே நாளில் வரைந்துவிட்டுப் போன பிறகு உங்கள் தெருவில் யாருக்கும் அந்தச் சுவரிடம் வேலை இருக்கவில்லை, அதுதான் நடந்தது.

சுண்ணாம்பு கரைக்கும்போதும் அடிக்கும்போதும் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. அப்புறம், சுவர் யாருடையது என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். 1959-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது, உரியவரின் அனுமதி இல்லாமல் பொது இடத்துச் சுவரில் எழுதக் கூடாது என்று.

---

செல்வி_கண்ணகிநகர் எழுதியது:

மணி அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது.

எங்களைக் கூவம் கரையிலிருந்து 2001-இல் இங்கே கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது கண்ணகி நகர், எழில் நகர் இரண்டும் சேர்த்து 23,000 வீடுகளுக்கு மேல். ரொம்ப நாள் வரைக்கும் வேலைக்குப் போகும் இடத்தில் முகவரி சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறேன். பக்கத்து ஏரியா பெயரைச் சொல்லிச் சமாளிப்போம். ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்பார்.

2020 தொடக்கத்தில் பொது இடச் சுவர்களில் ஓவியம் வரைகிற ஸ்டார்ட் இந்தியா பவுண்டேஷனும் ஏஷியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து எங்கள் பிளாக் சுவர்களில் வரையத் தொடங்கினார்கள். டெல்லி லோதி காலனியில் வரைந்ததும் ஸ்டார்ட் இந்தியாக்காரர்கள்தான். வாசு சார் சொன்ன ஏ-கில்லும் இங்கே வரைந்திருக்கிறார். மாடி உயரத்துக்குச் சாரம், கிரேன் எல்லாம் வந்து நின்றபோது முதலில் எங்களுக்குப் பயம், வீட்டை இடிக்க வந்துவிட்டார்களோ என்று. வரைய வந்த ஒரு தம்பி எங்கள் பிளாக்கில் இரண்டு நாள் பெயிண்ட்டையே தொடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். சுவரில் நாங்கள் கொடிக் கயிறு கட்டுகிற ஆணி இரண்டு உண்டு. அதைப் பிடுங்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஆணி இருந்த இடத்தை ஓவியத்தில் ஒரு பூவின் நடுவாக மாற்றிவிட்டார். இன்றைக்கும் அதில்தான் என் புடவை காய்கிறது. அந்தச் சுவர்மேல் எனக்குப் பாசம் வந்ததற்கு அந்த ஆணிதான் காரணம் என்று சொல்வேன்.

ஓவியம் வந்த பிறகு கேமராவோடு நிறைய பேர் வந்தார்கள். இப்போது கண்ணகி நகர் என்று சொன்னால் "அந்தப் படம் வரைஞ்ச இடமா?" என்று கேட்கிறார்கள். 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வாங்கிய அணியில் எங்கள் பெண் ஒருத்தி இருந்தாள். அதற்கப்புறம் "கபடிப் பொண்ணு ஊரா?" என்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எதிர்ப் பிளாக்கில் குழாய் கசிகிற சுவரில் வண்ணம் ஊறிப் போய்விட்டது. அங்கே இருப்பவர்கள், வண்ணம் அடிக்கிறதுக்கு முன் குழாயைச் சரிபண்ணியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

வாசு சார், உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுகிறவர் எல்லோரையும் கேட்டீர்களா? விடிகாலையில் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். எந்த இடத்தில் பயம், எந்த இடத்தில் நாற்றம் என்று சங்கத்தை விட அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் சிறுநீர் கழிக்கிறவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா பாருங்கள்.

---

ரவி_பெசன்ட்நகர் எழுதியது:

நான் ஓவியம் பற்றிச் சொல்லத் தகுதி இல்லாதவன். விழா பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

ஊரூர் ஆல்காட் குப்பம் என்கிற மீனவர் குப்பம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இருபது வருடம் பெசன்ட் நகரில் இருந்தும் அதற்குள் நான் கால் வைத்ததில்லை. 2015-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் முதலானவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கே கலை விழா தொடங்கியபோதுதான் முதல் தடவை போனேன். டிக்கெட் கிடையாது. கர்நாடக சங்கீதம் கேட்ட அதே இடத்தில் பறையும் கேட்டேன். கச்சேரியை விட எனக்கு நினைவில் நிற்பது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனவப் பெரியவர் அன்றைய காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நாளைக்கு எந்த மீன் வரும் என்று சொன்னதுதான். மறுநாளிலிருந்து மீன் வாங்க அங்கேதான் போகிறேன்.

ஆனால் உங்கள் தெருவுக்கு அவ்வளவு பெரிய விழா தாங்காது. வருடத்துக்கு ஒரு நாள் கூட்டம் கூட்டினால் மிச்ச 364 நாளும் அந்த இடம் வெறிச்சென்றுதான் கிடக்கும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகள் கச்சேரி நடக்கும். மைக் கிடையாது. நடக்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்பார்கள். அந்த அளவு போதும். மாதா மாதம், ஒரே கிழமை, ஒரே நேரம். ஒரு மாதம் பாட்டு, ஒரு மாதம் கேரம் போட்டி, ஒரு மாதம் தெருப் பெண்கள் போடுகிற கோலம். வடக்கு மாட வீதியில் ஒவ்வொரு ஜனவரியும் கோலப் போட்டிக்கு எவ்வளவு கூட்டம் என்று பார்த்திருப்பீர்கள், அதற்கு ஆகிற செலவு கோலப்பொடிதான்.

மைக் வைப்பதாக இருந்தால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடவே கூடாது. மைக் இல்லாமல் செய்வதே என் ஆசை, ரயில் போகும்போது எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

பணத்தில் முதல் செலவு உட்காரத் திண்ணை. சுவரை ஒட்டி இருபதடிக்குச் சிமெண்ட் திண்ணை கட்ட அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் நாலு பெஞ்ச். ஒரு டீக்கடைத் தள்ளுவண்டி அங்கே சாயங்காலம் நிற்க ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டீ மணக்கிற இடத்தில் வெளிச்சம் இருக்கும், நாலு பேர் இருப்பார்கள்.

---

வாசு_இந்திராநகர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மணி சார், நீங்கள் சொன்னபடி ஆறு இடத்தில் பாலிதீன் ஒட்டினோம். ஸ்டேஷன் பக்கம் இரண்டு தாள் காய்ந்திருந்தது. மற்ற நாலிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அடைத்துக் கிடந்த ஓட்டைகள் பதினொன்று, அனுமதி வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து வருகிறோம். ஒன்றைத் திறந்தபோது அரை மணி நேரம் செம்மண் தண்ணீர் வடிந்தது.

செல்வி அம்மா கேட்டது எனக்கு உறைத்தது. நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மா அந்தப் பாதையில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு வருகிறாராம், கையில் ஒரு கல்லோடு. ரயில் பாலத்தின் மூன்றாவது தூணுக்குப் பக்கம்தான் பயம் என்றார். விளக்குக் கம்பத்துக்கு அந்த இடத்தைக் குறித்துத்தான் மனு கொடுத்திருக்கிறோம். இஸ்திரி வண்டிக்காரர் வண்டியை அந்த முனைக்கே நகர்த்திக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மழைக்கு ஒரு தார்ப்பாய் மட்டும் கேட்டார்.

பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம் என்று என் மகள் சொன்னாள். வருகிற கார்த்திகை தீபத்தன்று சுவர் மேல் வரிசையாக அகல் வைக்கப் போகிறோம், வீட்டுக்கு ஐந்து. அன்று ரயிலை விட்டு இறங்கி இந்தப் பாதையிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு. மணி சார், கட்டம் போட நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும்.

---

சுவரெழுத்து_மணி எழுதியது:

வருகிறேன் சார். விளக்கு வைக்கும்போது ஒவ்வொரு அகலுக்கும் அடியில் ஒரு துண்டு வாழையிலை வையுங்கள். எண்ணெய் குடித்த இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது.