ஓநாய்க்காகப் பேசிய பல் மருத்துவர்

அக்கா (மாட்ரிட்), மாலை 4.12
[படம்] [படம்]
இன்று விடுமுறை என்பதால் சிகுவென்சா வரை ரயிலில் வந்து, அங்கிருந்து தோழியின் காரில் பெலெக்ரினா என்ற சிற்றூருக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தாக்கைப் பார்க்க வந்திருக்கிறோம். கீழே ஓடுவது துல்சே ஆறு. முதல் படத்தில் பாறை விளிம்புக்கு மேலே புள்ளிபுள்ளியாகத் தெரிபவை பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். இரண்டாவது படத்தில் இருப்பது ஓர் ஒலிபரப்பாளருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம்.

அத்தை, 4.15
செய்தி வாசித்தவரா, கண்ணு? செய்தி வாசித்தவருக்கு மலை உச்சியில் எதற்கு நினைவுச்சின்னம்?

அக்கா (மாட்ரிட்), 4.16
செய்தி வாசித்தவர் இல்லை, அத்தை. காட்டு விலங்குகளைப் பற்றிப் பேசியவர். ஃபெலிக்ஸ் ரோட்ரிகெஸ் டி லா ஃபுவென்தே என்று பெயர். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் போய் ஃபெலிக்ஸ் என்று சொன்னாலும் எந்த ஃபெலிக்ஸ் என்று கேட்க மாட்டார்கள்.

பெரியப்பா, 4.20
அம்மாடி, பாதியில் நிறுத்தாதே. இந்தக் குழுவின் வழக்கப்படி முழு வாக்கியங்களில், முதலிலிருந்து எழுது.

அக்கா (மாட்ரிட்), 4.37
சரி, பெரியப்பா. 1928 மார்ச் 14 அன்று புர்கோஸ் மாகாணத்தில் போசா டி லா சால் என்ற ஊரில் பிறந்தார். உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர் அது. பெயரிலேயே உப்பு இருக்கிறது. தந்தை பத்திரப்பதிவு செய்யும் நோட்டரி. ஏறத்தாழ பத்து வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைத்ததால், அந்த வயதுவரை அவருக்குப் பாடசாலை என்பது ஊரைச் சுற்றியிருந்த மேடும் காடும்தான். பிறகு வயதோலித்தில் மருத்துவம் படித்து, மாட்ரிட்டில் சில ஆண்டுகள் பல் மருத்துவராகவும் இருந்தார். ஆனால் அவருடைய மனம் முழுக்க வல்லூறுகளிடம் இருந்தது. வல்லூறைக் கையில் ஏந்தி வேட்டைக்குப் பழக்கும் கலை ஸ்பெயினில் நெடுங்காலத்துக்கு முன்பே ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. பழைய நூல்களைத் தேடிப் படித்து, அதைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

நான், 4.40
பல் மருத்துவர் எப்படித் தொலைக்காட்சிக்குப் போனார்?

அக்கா (மாட்ரிட்), 4.49
1964-இல் அரசுத் தொலைக்காட்சி வல்லூறு வேட்டையைப் பற்றி ஒரு சிறு பேட்டிக்காக அவரை அழைத்தது. அன்று ஸ்பெயினில் இருந்தது அந்த ஒரே தொலைக்காட்சிதான். முழங்கை வரை தோலுறை மாட்டிக்கொண்டு, கைமேல் ஒரு வல்லூறோடு ஒளிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். அந்த மனிதரை மறுபடியும் காட்டுங்கள் என்று நேயர்கள் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து தொடங்கி, 1968-இல் தனி நிகழ்ச்சி, அதன்பின் இன்னொன்று, 1973 முதல் வானொலியிலும் தொடர், 1974-இல் ‘மனிதனும் பூமியும்’ என்று வளர்ந்துகொண்டே போனது. கடைசியாகச் சொன்ன தொடர் மட்டும் 124 பகுதிகள். வெனிசுவேலாவில் ஆரம்பித்து, ஸ்பெயினின் சொந்தக் காடுகளுக்கு வந்து, வட அமெரிக்காவில் முடிந்தது. அதன் ஸ்பெயின் பகுதிகளில் கணிசமானவற்றை இந்தப் பள்ளத்தாக்கில்தான் படம் பிடித்தார்கள்.

பெரியப்பா, 4.55
மக்களைக் கட்டிப்போட்டது விலங்குகளா, அவர் பேச்சா?

அக்கா (மாட்ரிட்), 5.01
பேச்சுதான் என்பது என் எண்ணம். கரகரப்பான குரல், நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் கொண்டுபோய், கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, நாம் காத்திருந்த பிறகுதான் அதைச் சொல்வார். கேட்பவர்களை ‘நண்பர்களே’ என்று அழைப்பார். என் தோழியின் அப்பா சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி கேட்பதற்குக்கூட அந்தக் குரலைப் போலிசெய்து காட்டுகிறார்.

சித்தப்பா, 5.09
ஒரு குறுக்கீடு. அவரைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். அவர் காட்டிய ஓநாய்களும் கழுகுகளும் பல இடங்களில் வளர்ப்பு விலங்குகள். பொன்னிறக் கழுகு மலையாட்டுக் குட்டியைப் பாறையிலிருந்து இழுத்துக்கொண்டு போகும் அந்தப் புகழ்பெற்ற காட்சிகூட, பழக்கிய கழுகை வைத்து எடுத்ததுதான். வீட்டில் வளர்த்ததைக் காட்டில் கண்டதைப் போலக் காட்டினால், அது பார்ப்பவரை ஏமாற்றுவதாகாதா?

அத்தை, 5.11
அந்த ஆட்டுக்குட்டி யாருடையது?

அக்கா (மாட்ரிட்), 5.24
சித்தப்பா சொல்வது உண்மை. இங்கேயும் அதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குட்டியிலிருந்தே மனிதரிடம் பழகிய விலங்குகளை வேலிகட்டிய பெரிய இடங்களில் விட்டு, திரைப்படத்துக்குரிய 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள். அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு, காட்டு ஓநாய் ஒன்று வேட்டையாடுவதை அவ்வளவு நெருக்கத்தில் எடுத்திருக்கவே முடியாது என்பது ஒரு பக்கம். அதை நேயர்களிடம் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம் என்பது இன்னொரு பக்கம். சொல்லியிருந்தால் அவர் மதிப்பு குறைந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
ஆனால் அந்த ஓநாய்கள் அவரிடம் வந்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1953-இல் தீங்கு செய்யும் விலங்குகளை ஒழிப்பதற்கென்றே இங்கே அரசு வாரியங்களை அமைத்தது. ஓநாய், நரி, கழுகு எதைக் கொன்று கொண்டுவந்தாலும் பணம். நஞ்சு வைப்பதும் சாதாரணம். அந்தக் காலத்தில், ஊர்க்காரர்கள் அடித்துக் கொல்லவிருந்த இரண்டு ஓநாய்க் குட்டிகளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மனைவியோடு சேர்ந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். ஒன்றுக்கு சிபிலா, மற்றொன்றுக்கு ரெமோ என்று பெயர். வளர்ந்த பிறகு, கூட்டத்தின் தலைவனை எப்படி நடத்துமோ அப்படி அவை அவரை நடத்தின.

பெரியப்பா, 5.31
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று பழமொழி சொல்லும் நாமும் ஓநாயை நல்லவனாக எங்கும் காட்டியதில்லை. ஒரு நாடு முழுவதற்கும் அந்த எண்ணத்தை மாற்றுவது எளிய காரியமா?

அக்கா (மாட்ரிட்), 5.40
முழுவதும் மாறியது என்று சொல்ல மாட்டேன், பெரியப்பா. 1970-இல் வந்த வேட்டைச் சட்டம் ஓநாயை ஒழிக்க வேண்டிய பூச்சியைப் போலக் கருதுவதை நிறுத்தி, கணக்கு வைத்து வேட்டையாடும் விலங்காக ஆக்கியது. அதற்கு அவர் குரல் ஒரு பெரிய காரணம். உலக வனவிலங்கு நிதியத்தின் ஸ்பெயின் கிளையை 1968-இல் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 2021-இல் நாடு முழுவதும் ஓநாய் வேட்டைக்குத் தடை வந்தது. 2025 மார்ச்சில் துவேரோ ஆற்றுக்கு வடக்கே அந்தத் தடையை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அதுவும் உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக நுழைத்து!

அத்தை, 5.44
வடக்கே ஆடு வைத்திருப்பவர்கள் கேட்டிருப்பார்கள். நான்கு ஆடு வளர்க்கிற எனக்கு அவர்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஓநாயின் அழகைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு விடியற்காலையில் பட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிற வேலை இல்லை.

சித்தப்பா, 5.46
இந்த ஒரு விஷயத்தில் என் அக்காவின், அதாவது உங்கள் அத்தையின் பக்கம் நான்.

நான், 5.47
அவர் எப்படி இறந்தார் என்று இன்னும் சொல்லவில்லையே.

அக்கா (மாட்ரிட்), 5.58
1980 மார்ச் 14, அதாவது தன் 52-ஆவது பிறந்த நாளன்று. அலாஸ்காவில், ஆயிரம் மைல் அளவுக்கு நாய்கள் பனிவண்டி இழுத்து ஓடும் இடிட்டராட் பந்தயத்தை மேலிருந்து படம் எடுக்கச் சென்ற சிறு விமானம் ஷக்டூலிக் என்ற இடத்துக்கு அருகே விழுந்தது. கூட இருந்த இரண்டு ஒளிப்பதிவாளர்கள், விமானி, அவர் என நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பகுதிகள் 1981 வரை ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. இறந்தவரின் குரலை வாராவாரம் வீட்டில் கேட்டதை, குழந்தையாக இருந்த என் தோழியின் அம்மா இன்னும் மறக்கவில்லை.
இங்கே இப்போது முதியவர்கள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கியிருக்கிறார்கள். நினைவுச்சின்னத்தின் அருகே ஒருவர் கைப்பிடிக் கம்பியில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். அந்தத் தொடரின் தொடக்க இசையில் வரும் முரசு அது. ஐந்தாறு பேர் சேர்ந்து வாயாலேயே மீதியை முடித்தார்கள். பாறுகள் எதையும் சட்டை செய்யவில்லை.

பெரியப்பா, 6.03
அவருடைய வானொலிப் பேச்சு ஏதேனும் கிடைத்தால் இங்கே அனுப்பு, அம்மாடி.

அக்கா (மாட்ரிட்), 6.10
[ஒலிப்பதிவு 11.06]

அத்தை, 6.34
கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் பதினொரு நிமிடத்தையும் கேட்டு முடித்தேன், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அந்த ஆட்டுக்குட்டி யாருடையது என்று நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.