வெள்ளைக்காரன் எழுதிவைத்த பெயர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
ரேகைச் சட்டம் என்று நாங்கள் சொல்வது குற்றப்பரம்பரைச் சட்டத்தை: சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்து, விரல்ரேகை வாங்கிய சட்டம். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம், பிரமலைக் கள்ளர். ரேஷன் கடைக்கு விரல்ரேகை மெஷின் வந்த புதிதில் தாத்தாவைக் கூட்டிப்போனேன். தொண்ணூறை நெருங்கிய வயது. கடைக்காரர் சாதாரணமாகத்தான், "பெரியவரே, பெருவிரலை வைங்க" என்றார். தாத்தா கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். "எங்கய்யா வச்சதே போதும்ப்பா." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் சொன்னார். அவருடைய அப்பா பத்து விரலையும் மையில் தோய்த்துக் கொடுத்தவராம். வெளியூர் போக வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்ததற்காகச் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்தது எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். நான் படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளியில், கள்ளர்களைத் 'திருத்த' என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பள்ளிகளில் ஒன்று. அந்தப் பலகைக்குக் கீழே பத்து வருஷம் நுழைந்திருக்கிறேன், எதைச் சீரமைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜாலியன்வாலா பாக் தேதி மட்டும் மனப்பாடம்.

நிலக்கோட்டை:
தலைப்போடு எனக்குச் சண்டை இருக்கிறது. வெள்ளைக்காரன் மட்டுமா எழுதினான்? நாங்கள் குடியானவர் வீடு. கூலி வாங்கிக்கொண்டு கள்ளர்கள் ஊர்க்காவல் பார்த்த காலம் அது; 1896இல் திண்டுக்கல் பக்கம் பண்டு (பொதுப்பணம்) சேர்த்து அந்தக் கள்ளர் காவலை விரட்டியதை எங்கள் வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது, மதராஸ் மாகாணத்துக்கு 1911இல்தான். அதற்கு முன்பே எங்கள் ஆட்கள் மனசில் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

சின்ன வயதில் என்னோடு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு விளையாட வந்தான். அவன் கிளம்பியதும் அப்பத்தா பித்தளைச் சொம்புகளை எண்ண ஆரம்பித்தார். அவன் இன்னும் திண்ணையில்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொம்பாகக் கீழே வைக்கிற சத்தம் அவனுக்கும் கேட்டது. இங்கே சட்டத்தை எடுத்தது 1947இல். இது நடந்தது எண்பதுகளில்.

தேயிலைமலை:
நான் ஹட்டன், இலங்கையின் மலையகம். 2012 கணக்கெடுப்புக்கு எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்தவர் எதுவும் கேட்காமலே 'இந்தியத் தமிழர்' என்று குறித்தார். அம்மா, "தம்பி, எங்க பாட்டி பிறந்ததே இந்தத் தோட்டத்துலதான், மலையகம்னு போடுங்க" என்றார். அதற்குக் கட்டம் இல்லை என்றார் அவர். 1911 கணக்கெடுப்பில்தான் எங்களை இலங்கைத் தமிழரிடமிருந்து பிரித்து எழுதினார்கள். 1948இல் குடியுரிமை போனபோது யாரைத் தள்ளுவது என்பது ஏற்கெனவே தாளில் இருந்தது. நிலக்கோட்டை சொல்வது சரி, மனசிலும் பட்டியல் இருக்கும். ஆனால் மனசில் இருப்பதை வைத்து ஓட்டுரிமையைப் பறிக்க முடியாது, அதற்குத் தாள் வேண்டும்.

பழங்காகிதம்:
பள்ளிச் சுற்றுலாவில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீல் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரியின் சிலை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். 1857இல் அலகாபாத்தில் கண்டபடி தூக்கில் போட்டவன் அவன் என்பதும், 1927இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிப் போராடிச் சிறை போனார்கள் என்பதும் நாற்பது வயதில்தான் தெரிந்தது.

வைகைக்கரை, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை உடனே போனில் பதிவு செய்யுங்கள். "சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. ராத்திரி யார் எங்கே படுத்தார்கள், சீட்டை எதில் வைத்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வெளியூர் போக என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பாட்டிமாரை விடாதீர்கள். ஆம்பிளைகளைப் போலீஸ் கூட்டிக்கொண்டுபோன நாட்களில் வீட்டையும் மாட்டையும் பார்த்தது அவர்கள்தான். உங்கள் அம்மாவைக் கூட்டிப்போனால் இன்னும் பேசுவார்கள். குறுக்கே பேசாதீர்கள், தேதி தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்தக் காலத்து அரசாணைகளைப் பாருங்கள். ஆனால் முதலில் பாட்டி, பிறகுதான் காகிதம். காகிதத்தில் போலீஸ் குரல் மட்டும்தான் இருக்கும், அதை முதலில் படித்துவிட்டால் நம் கேள்வியும் போலீஸ் கேள்வியாகிவிடும்.

வைகைக்கரை:
தாத்தா போய்விட்டார். அவர் தங்கச்சி கருமாத்தூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போகிறேன். நிலக்கோட்டை, அந்தப் பையன் அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு வந்தானா?