புதுப்பிப்பு: தீனித்தட்டுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது

பறவைகளுக்காகக் கொய்யா மரத்தில் தொங்கவிட்ட தீனித்தட்டுக்கு அணில்களைத் தவிர யாரும் வருவதில்லை, எங்கே மாற்றலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். புதரை ஒட்டி வைக்கச் சொன்னவர்களும் உண்டு, வெட்டவெளியில் வைக்கச் சொன்னவர்களும் உண்டு.

முதலில் செம்பருத்திப் புதரை ஒட்டி வைத்தேன். நான்காம் நாள் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து சோற்றைக் கொத்தின. ஐந்தாம் நாள் எதிர்வீட்டுப் பூனை வந்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டி, வால் நுனி மட்டும் துடிக்கக் காத்திருந்தது. நல்லவேளை, கூட்டத்தில் ஒன்று பார்த்துக் கத்திவிட்டது.

இப்போது தட்டு புதரிலிருந்து பத்தடி தள்ளி, ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் இருக்கிறது. குருவி பறந்து ஒளிய அந்தத் தூரம் எட்டும். பதுங்கியிருக்கும் பூனைக்கு ஒரே தாவலில் எட்டாது. குழாயின் நடுவே தகரக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்து மாட்டினேன். அணில் பாதிவழியில் வழுக்கி இறங்கி, என்னைப் பார்த்து நெடுநேரம் திட்டியது. அதற்குத் தனியாக வேர்க்கடலை வைக்கிறேன், வேறென்ன செய்வது.

ஜன்னலுக்கு மூன்றடிக்குள் வை, இல்லையேல் முப்பதடி தள்ளி வை என்றவருக்கு நன்றி. கிட்டே இருந்தால் பறவை கண்ணாடியில் மோதும் அளவுக்கு வேகம் பிடிக்காதாம். என் கொல்லையில் முப்பதடி இருந்தது.

நேற்றுக் காலை முதன்முதலாக ஒரு சிட்டுக்குருவி வந்தது. கழுத்தில் கறுப்புத் திட்டுள்ள ஆண். தட்டிலிருந்த கம்பு தானியத்தைத் தொடவில்லை, மண்சட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்துவிட்டது.