சிங்கப்பூர் சிறையில் இருந்த எங்கள் பெரியவர் என்ன வேலை பார்த்தார்? எங்கே தேடலாம்?

சிராங்கூன்பேத்தி:

வணக்கம். எங்கள் அம்மா வழிக் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். கூலிக்கோ வியாபாரத்துக்கோ வந்தவர்கள் இல்லை. பாட்டியின் தாத்தாவைக் கைதியாகக் கப்பலேற்றி சிங்கப்பூருக்கு நாடுகடத்தினார்கள். வீட்டில் யாரும் இதை வெளியே பேசமாட்டார்கள், பாட்டி மட்டும் எனக்குச் சொல்வார். பெரியவர் கடைசிவரை தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கித்தான் கட்டுவாராம். "துரைமார் கோயிலுக்கு முட்டை உடைச்சு ஊத்திச் சுண்ணாம்பு அரைச்சேன்" என்பாராம். விடுதலையான பிறகு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்திருக்கிறார்.

என்ன குற்றம் செய்தார் என்று தோண்டாதே என்கிறார் மாமா. சரி, அதை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிய வேண்டியது அவருடைய பகல்பொழுது. காலையில் எங்கே போனார், யார் மேற்பார்த்தார்கள், கையில் என்ன கருவி இருந்தது? இதற்கெல்லாம் ஆவணம் கிடைக்குமா?

பழஞ்சூளை:

அக்கா, பாட்டி சொன்னதிலேயே பாதி இருக்கிறது. முதலில் தலைப்பாகை. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்து ஆயுள் கைதிகளுக்கு நெற்றியில் பச்சை குத்தி அனுப்பினார்கள். 1849-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அவர் மறைத்தது அந்தப் பச்சையைத்தான் என்றால், தண்டனை அதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஆகவே 1840-களின் கப்பல்களிலிருந்து தேடத் தொடங்கலாம்.

அடுத்தது முட்டை. துரைமார் கோயில் என்றது செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமாகத்தான் இருக்கும். 1856-ல் அடிக்கல் நாட்டி, 1861-ல் முதல் ஆராதனை நடந்தது. முழுக்க இந்தியக் கைதிகளின் உழைப்பு. உள்சுவர்ப் பூச்சுக்கு மணல் சேர்க்காத சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடும் நாட்டுச்சர்க்கரையோடும் சேர்த்துக் குழைத்தார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை அதில் விட்டார்கள். பூசிக் காய்ந்த பிறகு மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்த்தார்கள். நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம் அது. வேலை செய்யாதவருக்கு அந்த முட்டை விஷயம் எளிதில் தெரிந்திருக்காது. உங்கள் பெரியவர் அந்தச் சாரத்தில் நின்றவர் என்றே நான் நம்புகிறேன்.

கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவனுக்குக் கால்விலங்கோடு சாலை வேலை. ஒழுங்காக இருந்தால் விலங்கு கழலும், தொழில் கற்றுக்கொடுப்பார்கள். கொல்லுப்பட்டறை, தச்சு, செங்கல் அறுப்பு, கல் உடைப்பு எல்லாம் உண்டு. இன்னும் மேலே போனால் தண்டல், பியூன் என்று சக கைதிகளையே மேய்க்கும் பொறுப்பு கிடைக்கும். முதல் வகுப்புக்காரர் அனுமதிச் சீட்டோடு வெளியே தங்கிச் சொந்தமாகச் சம்பாதிக்கலாம். பால் மாடும் மாட்டுவண்டியும் வைத்தவர்கள் அப்படி வந்தவர்களில் நிறைய. அதனால் பட்டியலில் பெயர் மட்டும் பார்க்காமல் வகுப்பு எண்ணையும் பாருங்கள். அவர் வேலை அதில்தான் ஒளிந்திருக்கிறது.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றப் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி) பதிவுகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன, 1867 வரைக்கும். தேவாலய வேலையை மேற்பார்த்த மெக்நேர் என்ற அதிகாரி 1899-ல் இந்தச் சிறையைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பு விதிகளும் பட்டறை விவரமும் அதில் நிறைய. எழுதியது சிறை அதிகாரி, அதனால் அடியும் பசியும் அதில் குறைவாகத்தான் வரும்.

எழும்பூர்வாசி:

சென்னைப் பக்கத்தையும் விடாதீர்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறைத் தொகுதிகள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஃபௌஜ்தாரி அதாலத் (அன்றைய சென்னை மாகாணத்து உயர் குற்றவியல் நீதிமன்றம்) காலத்து வழக்குகளை அங்கே தேடலாம். ஆங்கிலேயர் தஞ்சாவூர்ப் பெயர்களைக் கண்டபடி எழுதியிருப்பார்கள். தகப்பனார் பெயர், சாதி, அங்க அடையாளம் என்று வைத்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும். முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

சிராங்கூன்பேத்தி:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். 1873-ல் சிறையை மூடியபோது எல்லோரையும் அந்தமானுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் இவர் எப்படி இங்கேயே தங்கினார்?

பழஞ்சூளை:

எல்லோரையும் இல்லை அக்கா. தண்டனை மிச்சம் இருந்த ஒரு பகுதியினரைத்தான் அந்தமானுக்கு அனுப்பினார்கள். சீட்டு வாங்கியவர்களும் மன்னிப்புப் பெற்றவர்களும் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அதனால் 1873-ஐ ஒட்டி வந்த மன்னிப்பு, விடுவிப்பு உத்தரவுகளைத் தனியாகத் தேடுங்கள். 1867-க்குப் பிறகு நிர்வாகம் லண்டன் காலனி அலுவலகத்துக்குப் போய்விட்டதால், 1873-ஆம் வருடத்துத் தாள்கள் வேறு வரிசையில் இருக்கும். காப்பகத்து மேசையில் காலனி அலுவலகக் கடிதங்கள் என்று கேளுங்கள்.